குதிரைக்கு ஐந்து படம்

மாதுமை மருத்துவம் படித்துக்கொண்டே படமும் எடுத்தாள். இரண்டே வகைதான்: மனித முகம், குதிரை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுவாள். ஒரு கல்யாணம் இரண்டு நாளைத் தின்றுவிடும். முகம் ஒரு மணி நேரத்தில் முடியும், குதிரைக்கு ஒரு காலைப்பொழுது போதும். உடம்பில் உள்ள நரம்பு ஒவ்வொன்றும் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று ஒப்பிக்க வேண்டிய பெண்ணுக்கு அதற்கு மேல் நேரம் கிடையாது. கூடப் படித்தவர்கள் மனம் அலுத்தால் சினிமாவுக்குப் போனார்கள், இவள் குதிரைக்குப் போனாள்.

அப்பா பஞ்சலிங்கம் அரசாங்க வேலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மலேசியாவில், ஈப்போ நகரில் மூன்று தலைமுறை ஆகியும் அவர் வாயை விட்டு யாழ்ப்பாணம் போகவில்லை.

"நீ மனுசருக்குப் படிக்கிறியோ, குதிரைக்குப் படிக்கிறியோ?" என்று சாப்பிடும்போது கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். ஆனால் ஒரு பாடத்தில் தவறினாலும் கேமரா அலமாரிக்குள் போய்விடும் என்று சொல்லியிருந்தார், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. மாதுமை இதுவரை தவறியதில்லை. பாதிப் படிப்பு அந்தப் பயத்தில் வந்தது.

குதிரைகள் இருந்தது பத்து காஜா ஊருக்குப் போகும் வழியில், ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குள். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள். செம்பனையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு ஒரு முதலாளி அங்கே லாயம் கட்டினார். பந்தயத்தில் ஓடி முடித்த குதிரைகளை வாங்கி, பழக்கி, சவாரி கற்பவர்களுக்கு விற்பது அவர் தொழில். முன்பு ரப்பர் பாலை எடை போட்ட கொட்டகை இருந்த இடத்தில் இப்போது குதிரைகள் நின்றன. இடத்துக்குப் பெயர் மட்டும் மாறவில்லை. இன்னும் 'மூனாம் டிவிஷன்'தான்.

லாயத்தைப் பார்த்துக்கொண்டவர் ரூபன். நாற்பத்தாறு வயது. அதே டிவிஷனில் பிறந்து, புந்தோங்கில் வீடு வாங்கிப் போய், அங்கிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் அதே டிவிஷனுக்கு வேலைக்கு வந்தவர். சிகரெட்டை விடுவதாக ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வேண்டிக்கொண்டு, மாசி பிறப்பதற்குள் மறந்துவிடுவார். மாதுமையின் தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"கிராணியம்மா வந்தாச்சா? பெரட்டுக்கு எல்லாரும் நிக்கிறாங்க லா" என்று குதிரைகளைக் காட்டுவார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. கணக்கெடுப்பவர் கிராணி. மாதுமைக்கு இந்தக் கேலி பிடித்திருந்தது. வீட்டில் தாத்தாவைப் பற்றிப் பேசினால் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

விற்பனைக்கு ஒரு குதிரையை எடுப்பதென்றால் ஐந்து படம். இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின். ஐந்தாவது, உடம்பில் எங்கே குறை இருக்கிறதோ அந்த இடம், கிட்டத்தில். தழும்போ வீக்கமோ, எதுவானாலும் ஐந்தாவது படத்தில் வந்தாக வேண்டும். பிறகு கணினியில் ஒரு மயிரைக்கூடத் தொடக் கூடாது. கேமராவில் விழுந்த மூலப் படத்தை அழிக்கவும் கூடாது. வாங்குகிறவர் கேட்டால் அதையே காட்ட வேண்டும். சட்டம் முதலாளி போட்டது என்றாலும் அதைக் காத்தவர் ரூபன்தான்.

"அழகு பண்ணி வித்துட்டா, வாங்குனவன் நாளைக்கு வந்து என் சட்டையத்தான் பிடிப்பான். முதலாளி சட்டையவா பிடிப்பான்?"

மனிதர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. பருவை எடு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை எடு, கன்னத்தைக் கொஞ்சம் குறை, நிறத்தை நிறையக் கூட்டு. பட்டமளிப்புக்குப் படம் எடுத்த ஒருத்தி மூக்கையே வேறு மாதிரி கேட்டாள். ஆரம்பத்தில் மாதுமைக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, யாரும் கேட்காமலேயே கை தானாகத் திருத்தத் தொடங்கியது. இந்தக் கடைசிப் பழக்கம்தான் அவளை மாட்டிவிட்டது.

பிப்ரவரியில் மைலோவை விற்க முடிவு செய்தார்கள். மைலோ ஒரு பெண் குதிரை. பந்தயப் பெயர் வேறு ஏதோ. பால் ஊற்றிக் கலக்கிய மைலோ நிறத்தில் இருந்ததால் ரூபன் இப்படிக் கூப்பிட்டார், அதுவும் திரும்பிப் பார்த்தது. படத்தில் குதிரையின் காது முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்கு ரூபன் கெரொப்போக் என்ற மீன் வறுவலின் பாக்கெட் ஒன்றை வைத்திருந்தார். உள்ளே ஒன்றும் இருக்காது. கேமராவுக்குப் பின்னால் நின்று பாக்கெட்டைக் கசக்கினால் மைலோ சட்டென்று தலையைத் தூக்கிக் காதை நிமிர்த்தும்.

மைலோவின் முன்னங்கால் முட்டியில் ஒரு பழைய தழும்பு. ஐந்தாவது படம் அதுதான். ரூபனே குனிந்து மயிரை விலக்கிக் காட்டினார்.

வேலை முடிகிற நேரத்தில் ரூபனின் மனைவி புஷ்பலதா வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் வேலை செய்பவள், அன்று விடுமுறை. கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள், கூடவே இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்றும்.

"இவர ஒன்னு எடுத்துக் குடும்மா. மைலோ பக்கத்துல நிக்கட்டும். ஹால்ல மாட்டணும். கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மனுசனுக்கு ஒழுங்கா ஒரு படம் கெடையாது."

ரூபன் வெட்கப்பட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு, மைலோவின் கழுத்தில் ஒரு கையைப் போட்டு, அடையாள அட்டைக்கு நிற்பது மாதிரி நின்றார். கொட்டகை வாசலிலிருந்து வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து முகத்தில் விழுந்தது. மாதுமை எட்டுப் படம் எடுத்தாள். ஆறாவது நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் இரண்டாம் ஆண்டின் இறுதித் தேர்வு. மறுநாள் மத்தியானம் புத்தகத்தை ஒரு பக்கமும் ரூபனின் படத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறந்துபோகக் கூடாதவற்றை மஞ்சள் தாளில் எழுதிக் கணினியின் ஓரத்தில் ஒட்டுவது அவள் வழக்கம். அன்று ஒட்டியிருந்த தாளில் இப்படி இருந்தது: 'கழுத்து நரம்பு கெட்டால் — ஒரு பக்க இமை தாழும், கண்பாவை சிறுக்கும், அந்தப் பக்கம் வியர்க்காது. காரணம் தேடு: கழுத்து ரத்தக்குழாய், நுரையீரல் உச்சி.'

அந்தத் தாளுக்கு ஒரு சாண் தள்ளித் திரையில் ரூபனின் முகம் இருந்தது. இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. வெயில் கூசியிருக்கும் என்று நினைத்தாள். உண்மையில் அவ்வளவுகூட நினைக்கவில்லை; படம் கோணலாக இருக்கிறது என்று மட்டும் பட்டது. வலது கண்ணை எடுத்து, இடம் வலமாகத் திருப்பி, இடது கண்ணின் மேல் ஒட்டி, ஓரங்களை மழுப்பினாள். நாலு நிமிட வேலை. ரூபன் பத்து வயது குறைந்து, நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி ஆகிவிட்டார். பிறகு புத்தகத்துக்குத் திரும்பினாள்.

மஞ்சள் தாளில் இருந்த கேள்வி தேர்வில் வந்தது. முழு மதிப்பெண் வாங்கினாள்.

படம் புந்தோங் வீட்டு ஹாலில் ஏறியது. மைலோவை வாங்க வந்தவர் ஐந்தாவது படத்தைப் பார்த்துவிட்டு, முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகப் போனார். போனவர் போனவர்தான். முதலாளிக்கு வருத்தம். ரூபன் அன்றைக்கு மைலோவுக்கு இரண்டு கேரட் அதிகமாகக் கொடுத்தார்.

மே மாதத்திலிருந்து மாதுமைக்கு அரசாங்க மருத்துவமனை வார்டில் பாடம். டாக்டர் நவமணி அங்கே பெரிய டாக்டர். குரலை உயர்த்தமாட்டார், ஆனால் எதையும் இரண்டாம் முறை சொல்லவும்மாட்டார். ஜூலையில் ஒருநாள் லூமுட் கடற்கரையில் ஒருவருடைய குதிரையை எடுக்கப்போன மாதுமை, வார்டுக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக, காலில் போட்டிருந்த சப்பாத்தில் மணலோடு வந்து நின்றாள். டாக்டர் நவமணி மணலைப் பார்த்தார்.

"எது உன் வேலைன்னு சீக்கிரம் முடிவு பண்ணிக்க" என்றார். அதன் பிறகு அவள் தாமதமாக வரவில்லை. கேமராவைப் பற்றி வார்டில் மூச்சு விடவும் இல்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. டாக்டர் நவமணி ஆறு மாணவர்களோடு கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தார். பதினோராம் கட்டிலில் ரூபன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புஷ்பலதா.

பத்து நாளுக்கு முன் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மிரண்டு மைலோ பின்வாங்கியதாம். கயிற்றைப் பிடித்திருந்த ரூபனின் கழுத்து சுளுக்கிக்கொண்டது. கழுத்தில் வலி, இடது தோளில் வலி, அது கையில் இறங்கிச் சுண்டுவிரல் வரை போகிறது. தைலம் தடவிப் பார்த்துச் சரிவராமல் வந்திருக்கிறார்கள். டாக்டர் நவமணி ரூபனின் முகத்தைப் பார்த்தார். விளக்கடித்துக் கண்களைப் பார்த்தார்.

"இந்தக் கண்ணு எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"எந்தக் கண்ணு டாக்டர்?" என்றார் ரூபன்.

புஷ்பலதாதான் சொன்னாள். "மைலோ இழுத்த பெறகுதான் டாக்டர். முந்தாநேத்துதான் நானே கவனிச்சேன். இந்தா பாருங்க, பிப்ரவரில எடுத்த படம். ரெண்டு கண்ணும் ஒரே மாதிரிதான இருக்கு." கைபேசியில் எடுத்துவைத்திருந்த ஹால் சுவர்ப் படத்தைக் காட்டினாள். பிறகு பெருமையோடு மாணவர்கள் பக்கம் கையை நீட்டினாள். "இந்தப் பிள்ளைதான் எடுத்துக் குடுத்துச்சு. எவ்வளவு அழகா எடுத்திருக்கு பாருங்க."

எல்லாரும் மாதுமையைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் நவமணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், மாணவர்களுக்கும் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்குங்க. கண்ணு எப்ப மாறுச்சுன்னு நோயாளிக்கே தெரியாது. பழைய போட்டோ மாதிரி சாட்சி கெடையாது. இது புதுசு. அடிபட்ட பெறகு வந்திருக்கு. அப்ப முதல்ல எதைச் சந்தேகப்படணும்?"

"கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கலாம்" என்றான் தனேஷ். எப்போதும் முதலில் பதில் சொல்பவன் அவன்.

"சரி. கழுத்துக்கு ஸ்கேன் கேளுங்க. அதுவரைக்கும் ரத்தம் உறையாம இருக்க இன்னிக்கே ஊசி போட்டுடலாம்." டாக்டர் நவமணி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மாதுமையும் நகர்ந்தாள். பன்னிரண்டாம் கட்டிலில் என்ன நோய் என்று இன்று கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்தால் எப்படியும் தெரிந்துவிடும், நீ எதற்கு வாயைத் திறக்கிறாய் என்றது மனம். கெட்டிக்கார மனம் அது. எத்தனையோ தேர்வில் அவளுக்குக் கைகொடுத்தது. கேமராவா படிப்பா என்று கேட்டவர் முன்னால், கேமராவால் இப்படி ஒன்று செய்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பதின்மூன்றாம் கட்டிலுக்குப் போகும்போது தாதி ஊசித் தட்டோடு ரூபனை நோக்கிப் போவதைப் பார்த்தாள். ரூபன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்தப் படம் சரியில்ல" என்றாள் மாதுமை.

"என்ன சரியில்ல?"

"இடது கண்ணு அவரோடது இல்ல. நான் வலது கண்ணத் திருப்பி ஒட்டிட்டேன்."

டாக்டர் நவமணி தாதியைப் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பதினோராம் கட்டிலுக்குத் திரும்பினார். புஷ்பலதாவின் கைபேசியை வாங்கி மறுபடி பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியலையே."

"வெளிச்சப் புள்ளியப் பாருங்க டாக்டர். வாசல் ஒரே பக்கந்தான் இருந்துச்சு. ரெண்டு கண்ணுலயும் புள்ளி ஒரே பக்கம் விழணும். இதுல ரெண்டும் மூக்குப் பக்கம் விழுந்திருக்கு."

மூலப் படம் அவளிடம் இருந்தது. மைலோவின் படங்களோடு கேமராவின் ஒரே நினைவட்டையில் விழுந்த படம். மைலோவின் மூலத்தை அழிக்கக் கூடாது என்பதால் இதுவும் அழியாமல் கிடந்தது. இணையத்தில் ஏற்றிவைத்திருந்ததைக் கைபேசியில் தேடித் திறந்து பெரிதாக்கினாள். இடது இமை தாழ்ந்திருந்தது. வலது கண்பாவை மிளகளவு, இடது கண்பாவை கடுகளவு. ஓரத்தில் தேதி இருந்தது.

"இது பத்து நாள் கண்ணு இல்ல" என்றார் டாக்டர் நவமணி. "எட்டு மாசக் கண்ணு." தாதியைப் பார்த்து, ஊசி வேண்டாம் என்று கையைக் காட்டினார். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுதினார்.

மத்தியானம் எக்ஸ்ரே வந்தது. இடது நுரையீரலின் உச்சியில், கழுத்தெலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருந்தது. கண்ணுக்கும் தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புகளை அதுதான் அழுத்திக்கொண்டிருந்தது. மைலோ இழுத்ததில் வந்தது வெறும் சுளுக்கு.

டாக்டர் நவமணி திட்டவில்லை. திட்டியிருந்தால் மாதுமைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ரூபனின் நோய்க் குறிப்பேட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீயே எழுது. என்ன செஞ்சேன்னு உன் கையாலேயே எழுது."

பிப்ரவரிப் படத்தில் இடது கண் தன்னால் மாற்றப்பட்டது என்றும், மூலப் படத்தில் இமை தாழ்வும் பாவைச் சுருக்கமும் தெளிவாக இருக்கின்றன என்றும் எழுதிப் பெயரையும் தேதியையும் போட்டாள். கையெழுத்து தெளிவாக இருந்தது. மருத்துவம் படிப்பவர்களுக்கு அது அபூர்வம்.

அடுத்தடுத்த சோதனைகளில் அது புற்றுநோய் என்று உறுதியானது. கட்டி முதுகெலும்பை நெருங்கிவிட்டதால் இப்போதைக்கு அறுவை சிகிச்சை முடியாது. முதலில் மருந்தும் கதிர்ச் சிகிச்சையும். பிப்ரவரியிலேயே பார்த்திருந்தால் என்று தொடங்கிய வாக்கியத்தை டாக்டர் யாரும் முடிக்கவில்லை.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். அலமாரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவளே கேமராவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"வார்டுக்குப் போறியோ நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஓமப்பா."

கேமரா மூன்று வாரம் உள்ளேயே இருந்தது. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ரூபன் போன் செய்தார். "திங்கக்கெழம கதிர் ஆரம்பிக்கிறாங்க. நாளைக்கு மூனாம் டிவிஷனுக்கு வாரேன். கேமரா எடுத்துட்டு வா கிராணியம்மா."

மறுநாள் காலை போனாள். ரூபன் இளைத்திருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. புஷ்பலதா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாதுமை "அக்கா" என்று கூப்பிட்டபோதும் அவள் திரும்பாமல் மைலோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலில் இருந்த படத்தை அவள் கழற்றிவிட்டாளாம். ரூபன் சொன்னார்.

"நான் ஒன்னு கேக்கட்டா?" என்றார். "படத்த எடுத்தப்ப என் கண்ணப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே."

"பாத்துட்டு?"

"கோணலா இருக்குன்னு சரி பண்ணிட்டேன்."

ரூபன் மைலோவின் முட்டியைக் குனிந்து தடவினார். தழும்பு அங்கேயேதான் இருந்தது. "இவளுக்கு இருந்திருந்தா தொட்டிருக்க மாட்ட."

"மாட்டேன்."

"நானும் அப்படித்தான். இவ கண்ணு ஒரு நூல் எறங்கியிருந்தா அன்னைக்கே வெட்னரி டாக்டரக் கூப்பிட்டிருப்பேன் லா. தெனம் காலைல கண்ணாடி பாத்துத்தான் ஷேவ் பண்றேன். எனக்கே தெரியல." நிமிர்ந்து மைலோவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "சரி. இவள எடுக்கிற மாதிரி என்னை எடு. அஞ்சு படம். கையே வைக்கக் கூடாது."

இடப்பக்கம் எடுத்தாள். வலப்பக்கம் எடுத்தாள். ரூபன் தானாகவே திரும்பித் திரும்பி நின்றார், எத்தனையோ குதிரையைத் திருப்பி நிறுத்தியவர். முன்னால். பின்னால், முதுகில் சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஐந்தாவதற்கு மாதுமை கிட்டே போனாள். கேமராக் கண்ணாடிக்குள் அவர் கண் வந்தது. நின்ற களைப்பில் ரூபனின் தலை கவிழ்ந்துவிட்டது. நிமிருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காத்திருந்தாள்.

பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. புஷ்பலதா எழுந்துவந்து மாதுமையின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கெரொப்போக் பாக்கெட்டைக் கசக்கினாள்.

மைலோ காதை நிமிர்த்தியது. ரூபனும் சிரிப்பு வந்து தலையைத் தூக்கினார். வலது கண் அகலத் திறந்தது. இடது கண் பாதியில் நின்றது. மாதுமை அதை அப்படியே எடுத்தாள்.